இரண்டாவதாக ஒன்று

அன்புள்ள தம்பி,

நிலையான வேலையும் சொந்த வீடும் அமைந்துவிட்டால் பயம் போய்விடும் என்று எழுதியிருந்தாய். பிருகதாரண்யக உபநிடதத்தின் முதல் அத்தியாயத்தில் நான்காம் பிராமணத்தை, அதாவது நான்காம் உட்பிரிவை, படித்துப் பார். எதுவும் படைக்கப்படாத தொடக்கத்தில் படைப்புக்கு முதல்வனான பிரஜாபதி தனியே இருக்கிறான். பறிக்க ஆளில்லை, தாக்க விலங்கில்லை. அப்போதும் அவனுக்குப் பயம் வருகிறது. தன்னையன்றி வேறொன்றும் இல்லாதபோது எதற்கு அஞ்சுகிறோம் என்று விசாரிக்கிறான், பயம் அகல்கிறது. இரண்டாவதாக ஒன்று உண்டென்ற எண்ணமே அச்சத்தின் ஊற்று என்று உபநிடதம் முடிவு கட்டுகிறது. படைப்புக் கதையாக மட்டும் படித்தால் இது விநோதச் செய்தி. அத்வைத ஆசிரியர் சங்கரர் தம் உரையில் இதைத் தத்துவமாகப் படித்தார்: பிரஜாபதிக்கே அச்சம் உண்டென்றால் அந்தப் பதவியும் சம்சாரம் என்னும் பிறவிச் சுழலுக்குள் அடங்கியதே. (அரசாங்க உத்தியோகம் எந்த மூலைக்கு?)

அப்படியானால் எல்லாரையும் விட்டு விலகிவிடலாமே என்பாய். அடுத்த பகுதியே அதை மறுக்கிறது. பயம் போன பிரஜாபதிக்குத் தனிமையில் மகிழ்ச்சி இல்லை, துணையை விரும்புகிறான். ஆகவே மனிதர்களை அகற்றச் சொல்லவில்லை. அவர்களை அயலாக எண்ணும் பார்வையைத்தான் உபநிடதம் கேள்வி கேட்கிறது. எதை ஆத்மாவுக்கு வேறாகக் காண்கிறோமோ அது நம்மைக் கைவிடும் என்று அதே உபநிடதத்தில் யாக்ஞவல்கிய முனிவரும் தம் மனைவி மைத்ரேயிக்கு விளக்குகிறார். தேர்வு முடிவு, மேலதிகாரியின் முகம், ஊரார் பேச்சு எல்லாம், இந்த உடம்பும் பெயரும் மட்டுமே நான் என்று முடிவு செய்த பிறகுதான் அச்சுறுத்துகின்றன.

கடினமான ஆட்சேபம் வேறு. நோயும் வாளும் வேதாந்தம் கேட்டு விலகுமா? முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் பண்டிதர்களின் துணையோடு உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தார். 1659இல் தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். நூல் அவர் உயிரைக் காக்கவில்லைதான். காக்கும் என்று படிப்பவர்கள் சாத்திரத்தைத் தாயத்தாக்குகிறார்கள். முதல் காய்ச்சலிலேயே அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிடும். அன்றாட நடைமுறையான விவகார நிலை, இறுதி உண்மையான பரமார்த்த நிலை என்று அத்வைதிகள் பிரிப்பது இங்கே உதவும். கதவைப் பூட்டுவதும் மருந்து சாப்பிடுவதும் விவகாரம். அவற்றைக் கைவிடத் தேவையில்லை. பூட்டிய பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதற்குத்தான் இந்த விசாரணை.

இந்த விசாரணையை வெறும் மனச்சமாதானம் என்று தள்ளுபவர்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. பயமற்ற இடத்தில் பயத்தைக் கண்டு யோகிகளே மிரள்கிறார்கள் என்று அத்வைத ஆசிரியரான கௌடபாதரே மாண்டூக்கிய காரிகையில் ஒப்புக்கொள்கிறார். ஆறுதலுக்காகக் கட்டிய கொள்கைக்கு இந்தக் கசப்பு எதற்கு? பிருகதாரண்யகத்தின் நான்காம் அத்தியாயத்தில் மன்னன் ஜனகன் அபயத்தை, அதாவது பயமற்ற நிலையை, அடைந்துவிட்டதாக யாக்ஞவல்கியர் அறிவிக்கிறார்; அவன் தன் விதேக நாட்டையும் தன்னையும் அவரிடம் ஒப்படைக்கிறான். ஆனால் அடுத்த பிராமணத்திலேயே அதே ஜனகன் மறுபடி கேள்வி கேட்கத் தொடங்குகிறான். அதை அடுத்துப் படி.

அன்புடன்,
அண்ணன்