இரண்டாவது ஆல்பம்

நெய்யூர்

அன்புள்ள மக்கா,

அகம் என்ற கர்நாடக ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். 2012-இல் வந்த ‘தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்’ உனக்கு மனப்பாடம். 2017-இல் வந்த ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ ஆல்பத்தையோ பஸ்ஸில் போகிறபோது பாட்டுப் பாட்டாகத் தள்ளித் தள்ளிக் கேட்டிருக்கிறாய். உன் தீர்ப்பை மாமா ஏற்கவில்லை.

உன் விரல் எதைத் தேடியது என்று தெரிகிறது. முதல் ஆல்பத்தின் ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ தியாகராஜரின் ‘பண்டுரீதி’, ஹம்சநாத ராகம். இன்று பாடும் வழக்கில் ச ரி ம ப நி. ஏறவும் இறங்கவும் நேர்வழி; கிட்டார் தடையில்லாமல் ஓடும். இரண்டாவதில் ‘மிஸ்ட் ஆஃப் காப்ரிகார்ன்’ என்பதும் தியாகராஜர்தான்: ‘மனவ்யாலகிஞ்சராததே’, நளினகாந்தி. ஏறும்போது ச க ரி ம ப நி ச. காந்தாரத்தைத் தொட்டு, ரிஷபத்துக்குத் திரும்பி வந்த பிறகே மத்தியமம். அந்தத் திருப்பத்தைத் தாண்டி நேராக ஏறினால் ராகம் போயிற்று. டிரம்ஸும் கிட்டாரும் முழங்குகிற நடுவில் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு பாடுவதைக் கவனி. எனக்கு இந்த ஆல்பம் உயர்ந்து நிற்பது அங்கேதான். வேகத்தைக் காட்டுவதைவிட ராகத்தைக் காப்பது கடினம்.

‘ரங்கபுர விஹாரா’வும் இருக்கிறது. தீட்சிதர், பிருந்தாவன சாரங்கா. அதைக் கேட்பதற்கு முன் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதைக் கேள். கிட்டாரை உறையிலேயே வைத்துவிட்டு வாயால் பாடிப் பார். சர்ச் குயரில் சின்ன வயதிலிருந்து பாடுகிற பிள்ளை, உனக்கென்ன கூச்சம்? அப்புறம் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேள்.

இந்தச் சங்கீதம் நமக்கு வெளியூர்ச் சரக்கு என்றும் எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே மக்கா. நீ கொண்டாடுகிற முதல் ஆல்பத்துத் தனஸ்ரீ தில்லானா சுவாதித் திருநாள் இயற்றியது. அவர் ஆண்ட திருவிதாங்கூரில்தான் நம் ஊரும் இருந்தது. 1838-இல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கியபோது அவர்தான் மகாராஜா.

உங்கள் குழு கல்லூரி விழாவில் எதை வாசிப்பது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவாயல்லவா, நளினகாந்தியின் ஆரோகண அவரோகணத்தைத் தாளம் போட்டு எனக்குப் பாடிக் காட்டு. கிட்டாரில் எங்கே விரல் வைப்பது என்பதை அதன்பின் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா