ஓடும் பெண்மக்களும் இரும்புச் சத்தும்

ரொக்கக் கையிருப்பு புத்தகத்தோடு ஒத்திருப்பதைக் கண்ட மாத்திரத்தில், ஒரு சங்கம் நன்னிலையில் உள்ளதென்று எந்த ஆய்வாளரும் எழுதிவிடுவதில்லை. சேமநிதி எவ்வளவு என்று கேட்போம். சேமநிதியை எடுத்தெடுத்துக் கையிருப்பைச் சரிக்கட்டும் சங்கம் நெடுநாள் நில்லாது. நம் பெண்மக்களின் குருதியிலும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றபோது, அங்கத்தினர் ஒருவர் தம் மகளைப் பற்றிக் கூறி வருந்தினார். வயது பதினாறு, 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் பரிசு பெற்றவள். நான்கு மாதமாக ஓட்டம் மந்தமாயிற்று. படியேறினாலே மூச்சு வாங்குகிறது. "பிள்ளைக்குச் சோம்பல் வந்துவிட்டது, ஐயா. ஓட்டத்தை நிறுத்திவிட எண்ணுகிறேன். இரத்தம் சோதித்தாயிற்று, குறையொன்றுமில்லை" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 12.2 கிராம். சோகைக்கு எல்லை 12 ஆதலின், பெண் தேறிவிட்டாள். ஆனால் அது கையிருப்பு மட்டுமே. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனை செய்யப்படவேயில்லை. பின்னர் மருத்துவர் அதனைச் செய்வித்தபோது 9 நானோகிராம் என்று வந்தது. 15-க்குக் கீழ் இருப்பின் சேமிப்பு வற்றியதென்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. சோகை வருமுன்னரே இக்குறை ஓட்டத்தைத் தளர்த்தக் கூடும். சோம்பல் என்ற பழி அப்பெண்ணுக்கு அநியாயமாக வந்ததே.

வளரும் பருவத்தில் குருதியின் அளவு பெருகுவதால் இரும்பும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. மாதவிடாயில் அது வெளியேறுகிறது. இதைப் பேசத் தந்தையர் கூசுகின்றனர், கூசுவதால் கணக்கு மாறிவிடாது. கடும்பயிற்சியில் வியர்வை வழியும் குடல் வழியும் சிறிது கழிகிறது. கெட்டித் தரையில் பாதம் மோதுகையில் சிவப்பணுக்கள் சில நொறுங்குகின்றன. மேலும், பயிற்சி முடிந்த 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்னும் சுரப்பு உயர்ந்து, குடலில் இரும்பு ஏறும் வழியை அடைக்கிறது.

கீரையும் கம்பும் பயறும் நல்லவையே. எனினும் தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சிறிதளவே சேரும்; எலுமிச்சையோ நெல்லிக்கனியோ உடனிருந்தால் கூடுதலாகச் சேரும். புலால் உண்போர்க்கு ஈரலும் சுவரொட்டியும் எளிதில் பயன்தரும். ஆனால் வற்றிய சேமிப்பை உணவு மட்டும் நிரப்புவது அரிது, மாத்திரை வேண்டும்.

பள்ளிகளில் வாரம் ஒன்றாக அளிக்கப்படும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அது வருமுன் காப்பது. வந்த குறையைத் தீர்க்கும் அளவை மருத்துவரே கூறவேண்டும். சேமிப்புக் குறைந்த பெண்களுக்கு நாள்தோறும் கொடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் கூடுதல் பங்கு உடலில் சேர்கிறதென்று, சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. காலைப் பயிற்சி முடிந்தவுடன், ஹெப்சிடின் உயருமுன் உட்கொள்வது நன்று. மலம் கருத்தால் அஞ்சவேண்டா. சோதனையின்றித் தாமே வாங்கிக் கொடுப்பது தவறு. சிலர்க்கு மிகையிரும்பு தீங்கு செய்யும். வீட்டில் சிறு குழந்தை இருப்பின் மாத்திரைகளைப் பூட்டி வைத்தல் வேண்டும். அவை குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்நெசவாளர் வீட்டில், ஓடி வந்த பெண்ணுக்கு முதலில் தேநீர் கொடுப்பதே வழக்கமாயிருந்தது. தேநீர் இரும்பைத் தடுப்பதாகையால் இப்பொழுது மாத்திரையும் எலுமிச்சைச் சாறும் முன்னே வருகின்றன. தேநீர் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. மூன்றாம் மாத முடிவில் பெரிட்டின் 31 ஆயிற்று. மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை.