மண்ணள்ளும் பொறியும் அதனை இயக்கினோரும்

ஏரியால் வாழும் நாடு நம் நாடு. அபிஷேகப்பாக்கத்தைச் சூழ்ந்த பாகூர்ப் பகுதியில் வயல்களின் பசுமைக்குக் காரணம் வினவினால், பாகூர் ஏரியையும், சொர்ணாவூர் அணையினின்று தென்பெண்ணை நீரை அவ்வேரிக்குக் கொணரும் பங்காரு வாய்க்காலையும் சிறுவரும் சுட்டிக் காட்டுவர். இவை இயந்திரங்கள் தோன்றுதற்கு முன்னரே மண்வெட்டியாலும் கூடையாலும் அமைந்தவை. வெட்டுவித்தோரின் பெயர் கல்லிலும் கதையிலும் நிலைபெற்றது. கூடை சுமந்தோருள் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிடைத்திலது. பிற்காலத்தே கூடையின் இடத்தில் இரும்புப் பொறி வந்தது. அதன் காலத்திலும் இக்குறை நீங்கியதோ என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண் அள்ளும் பொறி யாதாயினும் அதனை ஜே.சி.பி. என்றே நம்மூரார் வழங்குவர். ஆயினும் இவ்வினத்துள் வேறுபாடுகள் உண்டு. பொதுவாக ஜே.சி.பி. எனப்படுவது முன்னே பக்கெட்டும் பின்னே தோண்டும் கையும் உடையது. புல்டோசர் மண்ணைத் தள்ளுமேயன்றித் தூக்கி ஏற்றுவதன்று. யாம் ஈண்டுக் கூறப்புகுந்த பொறியோ, நான்கு பெரிய ரப்பர்ச் சக்கரங்களின்மீது ஓடி, முன்னுள்ள அகன்ற பக்கெட்டினால் குவியலை அள்ளி, லாரியிற் சொரிவது. குவாரிகளிலும் துறைமுகங்களிலும் இதனைப் பேலோடர் என்பர். அஃது ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் பொறிக்கு இட்ட வாணிகப் பெயர். நாளடைவில் அவ்வினத்திற்கே பெயராய் நம் தொழிலாளர் நாவிலும் குடிகொண்டது.

இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். 1920-களில் உழவு டிராக்டரின் முன்னே பக்கெட் ஒன்றைப் பொருத்திக் கயிற்றால் தூக்கும் முறை தோன்றியது. கொக்கியை விடுவித்தால் பக்கெட் தன் பாரத்தாலேயே கவிழும். 1939-இல் பிராங்க் ஹஃப் என்னும் அமெரிக்கர் டிராக்டர் வேறு, பக்கெட் வேறு என்னும் நிலையை மாற்றி, இரண்டையும் ஒரே பொறியாக அமைத்தார். பேலோடர் என்னும் பெயர் அவர் கம்பெனிக்கு உரியதே. 1947-இல் அக்கம்பெனி நான்கு சக்கரங்களும் இழுக்க, எண்ணெய் அழுத்தத்தால் பக்கெட் இயங்கும் பொறியை வெளியிட்டது. அடைபட்ட நீர்மத்தின்மேல் செலுத்திய அழுத்தம் எப்புறமும் ஒத்துப் பரவும் என்று பாஸ்கல் என்னும் பேரறிஞர் கண்ட விதியை நாம் பள்ளியிற் படித்திருக்கிறோம். பாடத்தில் ஒரு வரியாக நின்ற அவ்விதியே குவாரியில் டன் கணக்கான கல்லைத் தூக்குகின்றது.

ஆதியிற் செய்த பொறிகள் பலவற்றிற்குக் கூரையும் இல்லை, கூண்டும் இல்லை. பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கைகள் இரண்டும் ஓட்டுவோரின் இருமருங்கிலும் ஏறி இறங்கின. சற்றே வெளியே சாய்ந்தாரெனினும் உறுப்பை இழக்க நேரும். 1950-களில் அக்கைகளின் அச்சை ஆசனத்திற்கு முன்னே மாற்றி அமைக்கத் தொடங்கினர். பின்னர், பொறியின் நடுவே கீல் அமைத்து, குறுகிய இடத்திலும் அது மடங்கித் திரும்புமாறு செய்தனர். இம்மாறுதல்கள் வருமுன் எத்துணைப் பேர் அவ்வாசனத்தில் அச்சத்துடன் அமர்ந்து உழைத்திருப்பர்!

நம் நாட்டு நிலையை இனி நோக்குவாம். 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலை பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பெற்றது. அங்கு முதன்மை பெற்றவை வாளிச் சக்கரத்தையுடைய பேரகழ்பொறிகளே; எனினும், மண்வேலைக்கு மாபெரும் இயந்திரம் வந்துவிட்டது என்பதனை இவ்வட்டார மக்கள் கண்ணாரக் கண்டது அங்கேதான். 1964-இல் மண்வேலைப் பொறிகளைச் செய்யும் அரசாங்கத்தாரின் பி.இ.எம்.எல். நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 1971-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் திருவள்ளூரில் ஒரு தொழிற்சாலையை நிறுவினர். அங்கே பிறந்த 2021 என்னும் எண்ணுடைய லோடர் நாடெங்கும் உழைத்தது. இவ்வெண் ஆண்டைக் குறிப்பதன்று; பொறியின் வகையைக் குறிப்பது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழிற்சாலை காட்டர்பில்லர் கம்பெனியாரின் கைக்கு மாறிற்று.

இது நிற்க. பொறியின் பெருமை அதனைச் செய்தோரால் மட்டும் விளங்குவதன்று. இயக்குவோரின் கைத்திறத்தாலும் விளங்குவது. லோடர் ஆப்பரேட்டரின் வேலை எளிதென்று அயலார் எண்ணுவர். அவர் குவியலுள் நேரே புகுந்து, பக்கெட்டை நிரப்பிப் பின்வாங்கி, திரும்பி, லாரியை அணுகிச் சொரிந்து, மீண்டும் குவியலை நோக்கி வருவார். மேலிருந்து நோக்கினால் சக்கரத்தின் தடம் ஆங்கில வி எழுத்தைப் போலத் தோன்றும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இவ்வெழுத்தையே அவர் நிலத்தில் எழுதுகின்றார்.

இதன்கண் உள்ள நுட்பம் பெரிது. பக்கெட்டின் விளிம்பு தரையோடு ஒட்டிச் செல்லவேண்டும். தாழ்ந்தால் நிலத்தைக் கிழிக்கும், உயர்ந்தால் சரக்கு கீழே தங்கும். குவியலில் புகுந்தபின் மிகுதியாக முடுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். கூரிய கல் டயரை அறுத்துவிடும். ஆதலால் புகும் வேகத்தையும் தூக்கும் விசையையும் ஒருங்கே அளந்து செலுத்துதல் வேண்டும். சுமையுடன் செல்லும்போது பக்கெட் தாழ்ந்திருத்தல் வேண்டும். உயர்த்தி ஓடினால் பொறி குடைசாயும். லாரி ஓட்டுநர் அமர்ந்திருக்கும் கூண்டின்மேல் பக்கெட்டைக் கொண்டு செல்லலாகாது. இறங்குமுன் பக்கெட்டைத் தரையில் வைத்தே இறங்கவேண்டும். இவற்றைக் காகிதத்தில் எழுதிவைத்தல் எளிது. இரைச்சலுக்கும் புழுதிக்கும் இடையே கையும் காலும் தாமே அறிந்து செய்யுமாறு பழக்குதலோ பல்லாண்டுத் தவமாகும்.

எங்கள் ஊரில் முதியவர் ஒருவர் இருக்கின்றார். கல்லுடைக்கும் இடம் ஒன்றில் நெடுங்காலம் லோடர் ஓட்டியவர். சென்ற விடுமுறையில் யான் அவரை அணுகி, "ஐயா, அந்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். அவர் செவியில் அது விழவில்லை. இருமுறை உரக்கக் கூறியபின், "தம்பி, இஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது போய்விட்டது" என்று நகைத்தார். பின்பு அவர் கூறியது என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "மீட்டரைப் பார்த்து ஓட்டினதில்லை. சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினேன். சத்தம் கனத்தால் பக்கெட் நிறைந்தது என்று பொருள். சத்தம் மாறினால் எங்கோ கோளாறு என்று பொருள்." எந்தச் செவியைக் கருவியாகக் கொண்டு அவர் தொழிலில் தேர்ந்தாரோ, அந்தச் செவியையே அத்தொழில் கொண்டுபோயிற்று. அவர் ஓட்டிய பொறி பழைய இரும்பாக விலைபோயிற்று. அதன் முகப்பில் கம்பெனியின் பெயர் இருந்ததாம். அவர் பெயர் எங்கும் இருந்ததில்லை.

இங்கு ஒரு தடை எழும். "இப்பொறியன்றோ ஏழைகளின் வேலையைப் பறித்தது? இதனைப் போற்றுவது முறையோ?" என்பர் சிலர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுடையது. ஒரு கூடைக்கு 20 கிலோ என்று கொண்டால், அது 75 கூடையாகும். பக்கெட் அதனை ஒருமுறை குனிந்து எடுக்கின்றது. அந்த 75 கூடைகளும் முன்னே ஏழை மக்களின், சிறப்பாகப் பெண்டிரின், தலைமேல் ஏறியவை. அச்சுமை இறங்கியது நன்றே. ஆனால் சுமையோடு கூலியும் இறங்கியது தீதே. இத்தீமைக்குப் பொறியைச் சாடுவதில் பயனில்லை. சுமை இழந்தார்க்கு வேறு வாழ்வு தேடித் தருதல் சமுதாயத்தின் கடன். அக்கடனை நாம் செலுத்தாமைக்கு ஆப்பரேட்டர் பொறுப்பாளியல்லர். அவரும் கூலிக்கு உழைத்தவரே.

மேல்நாட்டில் இத்தகைய பழம்பொறிகளைத் தேடிச் செப்பனிட்டு இயக்கிப் பார்த்து மகிழும் சங்கங்கள் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள பௌலிங் கிரீன் என்னும் ஊரில் இவற்றிற்கென ஒரு காட்சிச்சாலையே இருக்கின்றது. அந்நாட்டினரான ஆர். ஜி. லெட்டூர்னோ (1888–1969) என்பவர் இளமையிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். மண்வேலைப் பொறிகளைப் புதியனவாய் அமைப்பதில் தம் காலத்தில் முன்னின்றவர். தம் வருவாயில் பத்தில் ஒன்பது பங்கை ஆண்டவர் பணிக்கே ஈந்தார். 1946-இல் தொழிலும் கல்வியும் ஒருங்கே பயிலுமாறு டெக்ஸாஸில் ஒரு கலாசாலையையும் நிறுவினார். எண்ணெய்க் கறை படிந்த கையும் வேதத்தைத் திறக்கும் கையும் ஒரே கையாதல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. நாசரேத்தூரில் தச்சுப் பட்டறையில் உழைத்தவரை ஆண்டவரென வணங்கும் நாம் இதனை வியத்தற்கு இடமில்லை.

நண்பர்களே! காட்சிச்சாலை கட்டும் பொருள் நம்மிடத்து இல்லை. ஆயினும் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் நம்மிடத்து உண்டு. சங்கப் புலவர் பாடிய உழவரையும் பரதவரையும் பற்றி நாம் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதுகின்றோம். அடுத்த தெருவில் வாழும் ஆப்பரேட்டரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் பயன்படுத்திய சொற்களையும், கற்ற நுட்பங்களையும், பட்ட காயங்களையும் எழுதிவைத்தல் தமிழ் மாணவர்க்கு அடாத பணியன்று. பங்காரு வாய்க்காலை வெட்டினோரின் பெயரை நாம் இழந்தோம், அது மீளாது. நம் சாலைகளுக்குக் கல் ஏற்றிக் கொடுத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர் செவி மங்கினும் நா மங்கவில்லை. நாம் சற்று உரக்கக் கேட்டால் போதும்.