பார்த்த வரிசையில் எழுதி வை

புதுச்சேரி,
26 மார்ச் 2023

அன்புள்ள பாப்பா,

வியாழக்கிழமை பாரிஸ் ஊர்வலத்தில் நடந்ததைப் பற்றி நீ அனுப்பியதைப் படித்தேன். காயமில்லாமல் அறைக்குத் திரும்பிவிட்டாய், அது போதும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஓடி வந்துவிட்டோமே என்று வெட்கப்படுகிறாய். வேண்டாம். கண்ணீர்ப்புகை வந்தால் ஓடத்தான் வேண்டும். காவல்துறை எச்சரிக்கை விடுத்த பிறகும் கலையாமல் நிற்பது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகலாம். படிக்கப் போன வெளிநாட்டுப் பெண்ணுக்கு, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரத்தில் அது என்ன பாடு படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கையைப் பிடித்து இழுத்துத் தன் கட்டட வாசலுக்குள் நிறுத்தினாரே, அந்த அம்மாளைத் தேடிப் போய் நன்றி சொல்லிவிட்டு வா.

என்னை உறுத்தியது உன் கடைசி வரி. "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான் மாமா, கொளுத்திவிட்டுத்தான் பேசுவார்கள்" என்று முடித்திருக்கிறாய். இதை நீ பார்க்கவில்லை, பாப்பா. நீ பார்த்தது அந்த வரிக்கு மேலே இருக்கிறது. பஸ்தீ சதுக்கத்திலிருந்து கிளம்பிய கூட்டத்தில் சங்கத்துப் பலூன்கள், மேளம், பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த கிழவர். பிறகு பெரிய பூல்வார் பக்கம் வந்தபோது கறுப்பு உடையும் முகமூடியுமாகச் சிலர் கடைக் கண்ணாடியை உடைத்தது. எரிந்த குப்பை மூட்டைகள். பக்கத்துத் தெருவிலிருந்து பாய்ந்த காவலர்கள். இவர்கள் எல்லாரும் தனித்தனி ஆட்கள். கடைசி வரிக்கு வந்ததும் நீயே அவர்களை ஒரே ஆளாக்கிவிட்டாய்.

அங்கே ஊர்வலம் நடக்கிற முறையைத் தெரிந்துகொள். தொழிற்சங்கங்களின் பதாகைக்குப் பின்னால் வருகிறவர்களைச் சங்கத்தின் சொந்தத் தொண்டர்கள் காவல் காத்து நடத்துகிறார்கள். அந்தப் பதாகைக்கு முன்னால் சங்கத்துக்குக் கட்டுப்படாத ஒரு கூட்டம் நடக்கும். சில ஆண்டுகளாகவே அது வழக்கமாகிவிட்டது. அதில் கோபத்தோடு வந்த மாணவரும் இருப்பார், சுத்தியலோடு வந்தவரும் இருப்பார். மோதல் பெரும்பாலும் அந்த முன்பகுதியிலும், கூட்டம் கலைகிற சதுக்கத்திலும்தான். இவர்கள் எதிர்ப்பது ஓய்வு வயதை 62-லிருந்து 64-ஆக உயர்த்தும் சட்டத்தை. 16-ஆம் தேதி, தேசிய சபையில் வாக்கெடுப்பு இல்லாமலே அதை நிறைவேற்ற அரசு அரசியலமைப்பின் 49.3 பிரிவைக் கையில் எடுத்தது. அதுவரை அமைதியாக நடந்தவர்களுக்கும் அன்றோடு பொறுமை போயிற்று. 6-ஆம் தேதியிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் தெருவோரமெல்லாம் குப்பை மலை. தீ வைக்க நினைத்தவன் எதையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

அன்று பாரிஸில் நடந்தவர்கள் 1,19,000 பேர் என்கிறது உள்துறை அமைச்சகம். 8 லட்சம் என்கிறது சேஜேதே தொழிற்சங்கம். ஒரே தெரு, ஒரே மாலை! தலைகளை எண்ணுவதிலேயே இவ்வளவு தூரம் என்றால், முதல் கல்லை யார் எறிந்தார், முதல் தடியடி யார்மேல் விழுந்தது என்பதில் எவ்வளவு தூரம் இருக்கும்? பாரிஸில் 903 இடங்களில் தீ, நாடு முழுதும் காவல் தரப்பில் 441 பேருக்குக் காயம், 457 பேர் கைது என்று உள்துறை அமைச்சர் தார்மனான் மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டார். அடி வாங்கிய பொதுமக்களின் கணக்கை அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. அதனால்தான் தெருவில் நின்று பார்த்த ஒவ்வொருவரும் முக்கியம் என்கிறேன்.

1986 டிசம்பரில் நான் அந்த ஊரில் இருந்தேன். பல்கலைக்கழகச் சட்ட மசோதாவை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய காலம். 5-ஆம் தேதி நள்ளிரவில் மாலிக் உசெகீன் என்ற 22 வயது மாணவரை, மோட்டார் சைக்கிளில் வரும் வோல்டிழர் காவலர்கள் துரத்தினார்கள். அவர் ஆர்ப்பாட்டக்காரரே இல்லை. மிஸ்யூ-ல-பிரேன்ஸ் தெருவில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நிதி அமைச்சக ஊழியர் ஒருவர் தன் கட்டடத்துக்குள் அவரை விட்டார். காவலர்கள் பின்னாலேயே புகுந்து அந்த வாசல் கூடத்திலேயே அடித்தார்கள். மாலிக் இறந்துபோனார். அவருக்குச் சிறுநீரக நோய் இருந்ததைத்தான் அதிகாரத் தரப்பு பெரிதாகப் பேசியது. ஆனால் அந்த ஊழியர் உள்ளே இருந்து பார்த்தவர், பார்த்ததைச் சொன்னார். அந்தச் சொல்லை யாராலும் அழிக்க முடியவில்லை. அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது, அந்தப் படை கலைக்கப்பட்டது. 1990-இல் இரண்டு காவலர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சிறைக்கு அனுப்பவில்லை, தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அந்தத் தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

2018 மே தினத்தன்று கோந்திரெஸ்கார்ப் சதுக்கத்தில் காவலர் தலைக்கவசம் அணிந்து ஆட்களை அடித்தவர், அதிபர் மக்ரோனின் அலுவலகத்தைச் சேர்ந்த பெனலா என்பது, அங்கிருந்த ஒருவர் கைபேசியில் எடுத்த படத்தால்தான் வெளியே வந்தது. கடந்த திங்கள் இரவு பிராவ்-எம் என்ற மோட்டார் சைக்கிள் பிரிவுக் காவலர்கள் பிடித்துவைத்த இளைஞர்களை மிரட்டியதும் அறைந்ததும், அவர்களில் ஒருவர் செய்த ஒலிப்பதிவால் வெளிவந்திருக்கிறது. மிரட்டப்பட்டவர்களில் ஒருவர் சாட் நாட்டு மாணவர், உன்னைப் போலப் படிக்க வந்தவர்.

ஆகவே இன்றிரவே ஒரு நோட்டை எடு. நீ பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுது. எந்தக் கடை, எந்த முனை, உத்தேசமாக மணி எத்தனை, உனக்கும் அதற்கும் எவ்வளவு தூரம். தோழி சொன்னது, பிறகு படத்தில் கண்டது, நீயாக ஊகித்தது, இவற்றை வேறு பக்கத்தில் எழுது. இதைத் தள்ளிப்போடாதே. மூன்று நாளாகப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இன்னும் ஒரு வாரம் போனால் உன் கண் காணாத காட்சிகளும் உன் நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், உனக்கே பிரித்தறிய வராது. காவலர்கள் வருவதற்கு முன் என்ன நடந்தது என்று நீ பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்றே எழுது.

கைபேசியில் எடுத்த படத்தை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பத்திரப்படுத்து. பொது இடத்தில் காவலர்களைப் படமெடுப்பது குற்றமல்ல. தீங்கு நோக்கத்தோடு அவர்களை அடையாளம் காணத் தூண்டுவதைக் குற்றமாக்க வந்த பிரிவை 2021-இல் அரசியலமைப்புச் சபை ரத்து செய்தது. ஆனால் ஊர்வலத்தில் நடந்தவர்களின் முகத்தை இணையத்தில் போடாதே. தீ வைத்தவன் பக்கத்தில் சும்மா நின்ற பையனுக்கு அது வினையாக முடியும். அடிபட்டவருக்காக வழக்கறிஞர் சாட்சி தேடுவது தெரிந்தால், படத்தை அந்த வழக்கறிஞரிடம் நேராகக் கொடு.

இன்னொன்று. தெருவில் புகைக்குண்டு வெடித்தால் சன்னலோரம் நிற்காதே. 2018 டிசம்பரில் மர்செய்யில் ஸினெப் ரெதுவான் என்ற 80 வயதுப் பாட்டி, நான்காவது மாடியில் சன்னல் கதவைச் சாத்தப் போனபோது கண்ணீர்ப்புகைக் குண்டு முகத்தில் பட்டு, மறுநாள் இறந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஊர்வலம், ரெபுப்ளிக் சதுக்கத்திலிருந்து நாசியோன் சதுக்கத்துக்கு. போகவும் வேண்டாம், பயந்து அறையிலேயே கிடக்கவும் வேண்டாம். நூலகம் திறந்திருந்தால் போ. அந்தப் பாதையில் மெத்ரோ நிலையங்களை மூடிவிடுவார்கள், மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடு. உன் அப்பா டிக்கெட் போட்டு உன்னை அழைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நோட்டில் எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
மாமா