செய்திக் குழுக்கள் மூடப்பட்டபோது

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் புகுந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் அப்போது சிறு வகுப்பில் இருந்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் கட்டிலும் பாத்திரங்களும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் அவற்றைக் கழுவி வெயிலில் காய வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவளுடைய தந்தை அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த தாள்கள் கூழாகிவிட்டன.

அவர் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையின் சரக்குக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கற்றுக் கொடுக்க ஆள் இல்லை. 1990-களின் இறுதியில், வேலை முடிந்தபின் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, ஒரு செய்திக் குழுவில் தம் சந்தேகங்களை எழுதினார். முகம் தெரியாதவர்கள் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களின் அச்சுப் படிகள்தாம் அந்தப் பெட்டியில் இருந்தவை. "தாள் போனால் போகட்டும், மூலம் இருக்குமே" என்று தேடிப் பார்த்தார். அந்தக் குழு அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது.

செய்திக் குழு என்றால் என்ன? எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. கணிப்பொறி ஆசிரியையைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இருவர் இதைத் திட்டமிட்டார்கள். யூஸ்நெட் என்று பெயர். ஒரு பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசி வழியே அழைத்து, தன்னிடம் புதிதாக வந்த செய்திகளைக் கொடுக்கும். அங்கே உள்ளவற்றை வாங்கிக்கொள்ளும். அது அடுத்ததற்குக் கொடுக்கும். நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பக்கத்துப் பள்ளி பார்த்து எழுதி ஒட்ட, அதைப் பார்த்து அதற்கடுத்த பள்ளி ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆகவே ஒரே செய்தி இருமுறை ஏறாது. இதில் கவனிக்க வேண்டியது, மூலப் பலகை என்று ஒன்று கிடையாது. எல்லாமே பிரதிகள்.

இன்று நாம் அறிந்த பெரிய காரியங்கள் சில இங்கேதான் முதலில் அறிவிக்கப்பட்டன. 1991 ஆகஸ்டில் டிம் பெர்னர்ஸ்-லீ தமது உலகளாவிய வலை பற்றியும், அதே மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் பின்னாளில் லினக்ஸ் எனப்பட்ட தமது முயற்சி பற்றியும் செய்திக் குழுக்களில்தான் எழுதினார்கள். தமிழர்களுக்கும் அங்கே ஒரு குழு இருந்தது. கணிப்பொறியில் தமிழ் எழுத்து வசதிப்படாத காலமாதலால், அதில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்!

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மென்பொருள்களைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் தன் சொந்தக் கணிப்பொறியிலேயே நூற்றுக்கணக்கான குழுக்களை நடத்தியது. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். அப்படி உதவுவோரைப் பாராட்ட அந்நிறுவனம் 1993 முதல் விருதும் அளித்து வருகிறது.

2010 மே மாதம் இக்குழுக்களை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஜூனில் தொடங்கி அக்டோபருக்குள் படிப்படியாக மூடியது. வலைத்தளத்தில் நடத்தும் புதிய மன்றங்கள் எளியவை, வேண்டாத விளம்பரங்களின் தொல்லையும் அங்கே குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். விளம்பரத் தொல்லை பொய்யில்லை. பல குழுக்களில் கேள்வியைவிட அதுதான் மிகுந்திருந்தது. ஆனாலும் பழகிய இடத்தை விட்டுப் போக மனமில்லாதவர்கள் வருந்தினார்கள். அதே 2010 மே மாதம் 20-ஆம் நாள், யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் செய்திக் கணிப்பொறியை நிறுத்தியது.

மூடியபின் என்ன ஆயிற்று என்பதுதான் எங்களுக்கு வியப்பு. மைக்ரோசாஃப்ட் தன் கதவை அடைத்தது, ஆனால் அதன் குழுக்களின் பிரதிகள் மற்றவர்களுடைய கணிப்பொறிகளில் இருந்தன. அவற்றை யாரும் ஒரே நாளில் அழிக்க இயலவில்லை.

அப்படியானால் எல்லாம் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. அன்றைய கணிப்பொறிகளில் இடம் குறைவு. சில நாள்களில் பழைய செய்தியை நீக்கிவிடுவார்கள். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணிப்பொறிகளைக் கவனித்துவந்த ஹென்றி ஸ்பென்சர் என்பவர், நீக்குவதற்கு முன் காந்த நாடாவில் பதிந்து வைத்தார். 1981-லிருந்து பத்தாண்டு இப்படிச் செய்ததில் 141 நாடாக்கள் சேர்ந்தன. யாரும் அவரைக் கேட்கவில்லை. 2001-இல் கூகுள் நிறுவனம் இருபது ஆண்டுச் செய்திகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் அந்த நாடாக்களிலிருந்தே கிடைத்தன. நாங்கள் நினைத்துப் பார்க்கிறோம்: அலமாரியை அடைக்கிறது என்று ஒரு நாள் அவற்றைத் தூக்கிப் போட்டிருந்தால்?

ஒரே இடத்தில் வைத்தால் வேறு கதை. மரத்தடி, ராயர் காபி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் யாஹூ நிறுவனத்தின் இடத்தில் நடந்தன. கதையும் கவிதையும் சண்டையும் அங்கே தமிழிலேயே வளர்ந்தன. 2019 அக்டோபரில் யாஹூ தன் குழுக்களின் பழைய பதிவுகளை நீக்கப்போவதாக அறிவித்தது. வேண்டுவோர் எடுத்துக்கொள்ள 2020 ஜனவரி வரை தவணை கிடைத்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே முடிந்தது. தன்னார்வலர் சிலர் விரைந்து எடுத்தவை போக மற்றவை போனவைதாம். இங்கே அடுத்த வீட்டில் பிரதி இல்லை.

ஏட்டுச்சுவடிகளின் நிலையும் இதுவே என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். பனையோலை செல்லரிக்கும், பார்த்து எழுதுவார் இருந்தவரை நூல் வாழ்ந்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டதை உ.வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் ஊர் ஊராகத் தேடியது ஒரு பிரதியை அன்று, பல பிரதிகளை. ஒன்றில் சிதைந்த வரி மற்றொன்றில் கிடைக்கும் என்பதற்காக.

இதையெல்லாம் படித்த பிறகு, கோடை விடுமுறையில் தோழியின் தந்தையோடு உட்கார்ந்து, மூல இடத்தில் அல்லாமல் பிரதிகள் உள்ள இடங்களில் தேடினோம். மூன்றாம் நாள் அவருடைய 1999-ஆம் ஆண்டுக் கேள்வி ஒன்று அகப்பட்டது, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளோடு! அவர் வெட்கத்தோடு சிரித்தார். கீழே ஒரே ஒரு பதில் இருந்தது. "இது முதலில் வந்தது, அம்மா. எனக்கு வேலை முடித்துக் கொடுத்தது இரண்டாவது பதில். அது இதில் இல்லை" என்றார். எழுதியவர் பெயரும் அவருக்கு நினைவில்லை. வழிமுறை மட்டும் நினைவிருந்தது. அவர் சொல்லச் சொல்லத் தோழி நோட்டில் எழுதிக்கொண்டாள். அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நூலகத்தில் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம்.