கார் ஸ்விட்ச்சில் அணைந்த விளக்கை நாமே மாற்றலாம்

கம்ப்யூட்டரை சொந்தமாக அசெம்பிள் செய்தவர்களுக்கு கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் பவர் எல்.இ.டி., ஹார்ட் டிஸ்க் எல்.இ.டி. ஒயர்கள் நன்றாகப் பழக்கம். பிளஸ், மைனஸ் மாறினால் விளக்கு எரியாது. திருப்பிச் செருகினால் எரிந்துவிடும். இந்த அளவு அனுபவமும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் போதும், காரின் டேஷ்போர்டு ஸ்விட்ச்களில் அணைந்துபோன விளக்குகளையும் நீங்களே மாற்றிவிடலாம்.

என் பழைய காரில் பின்கண்ணாடி டீஃபாகர் ஸ்விட்ச்சின் விளக்கு எரியாமல் போனபோது, ஸ்விட்ச்சையே முழுதாக மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். ஸ்விட்ச் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. போனது உள்ளே இருந்த அரிசி மணி அளவு பல்ப் மட்டும்தான். ஆனாலும் அந்த விளக்கு இல்லாமல் ஓட்டுவது சரியல்ல. டீஃபாகர் 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அது ஓடுகிறதா இல்லையா என்று டிரைவருக்குச் சொல்வது அந்தச் சின்ன விளக்குதான்.

எந்த விளக்கு போயிருக்கிறது?

ஒரே ஸ்விட்ச்சுக்குள் பெரும்பாலும் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று, இரவில் ஸ்விட்ச்சின் படத்தை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டுவது. பார்க் லைட்டைப் போட்டால் இது எரியும். மற்றொன்று, ஸ்விட்ச்சை ஆன் செய்தால் மட்டும் எரியும் இண்டிகேட்டர். முதலில் பார்க் லைட்டைப் போட்டும் அணைத்தும், பிறகு ஸ்விட்ச்சை அழுத்தியும் பார்த்து, எது எரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் உள்ள எல்லா ஸ்விட்ச்களிலும் இரவு வெளிச்சம் ஒரேயடியாக இல்லை என்றால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். ஃபியூஸ் அல்லது டிம்மரில்தான் கோளாறு இருக்கும்.

பல்ப் ஏன் போகிறது?

பழைய கார்களில் இருப்பது டங்ஸ்டன் இழை பல்ப். சூட்டில் இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மெலிந்துகொண்டே வரும். ஒரு நாள் சாலை அதிர்வில் அறுந்துவிடும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே இழையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். காரின் பேட்டரி 12 வோல்ட் என்று சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை. இந்த எண்ணை மனதில் வையுங்கள். கீழே வரும் கணக்கு முழுவதும் 14.4 வோல்ட்டை வைத்துத்தான்.

கழற்றும் முன்

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். காரில் ஏர்பேக் இருந்தால் ஓனர் மேனுவலில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருந்த பிறகே டேஷ்போர்டில் கை வையுங்கள். ஏர்பேக் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறக் கனெக்டரில் வரும். அவற்றைக் கழற்றவும் வேண்டாம், மல்டிமீட்டரால் சோதிக்கவும் வேண்டாம். ஸ்டீரியோவுக்கு கோட் நம்பர் உண்டு என்றால் பேட்டரியைக் கழற்றும் முன்பே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சைச் சுற்றியுள்ள சட்டத்தை நெம்புவதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கீறல் விழும். பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பயன்படுத்துங்கள். பின்பக்கக் கனெக்டரின் பூட்டை அழுத்திக்கொண்டு கனெக்டரைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

மல்டிமீட்டர் என்ன சொல்கிறது?

பல ஸ்விட்ச்களில் பல்ப் ஹோல்டர் பின்பக்கம் இருக்கும். கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். பல்பின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். நல்ல பல்ப் என்றால் சில ஓம்களோ, சில பத்து ஓம்களோ காட்டும். 12 வோல்ட், 1.2 வாட் பல்ப் எரியும்போது அதன் மின்தடை 120 ஓம். ஆறியிருக்கும்போது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். எனவே குறைவான அளவைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்துவிட வேண்டாம். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

பல்ப் நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால், கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் பேட்டரியைத் திரும்ப இணைத்து, டி.சி. 20 வோல்ட் நிலையில் அளந்து பாருங்கள்.

அதே பல்பா, எல்.இ.டி.யா?

அதே அளவு பல்ப் கிடைத்தால் அதைப் போடுவதுதான் சுலபம். டி 3, டி 4.2, டி 5 என்று கேட்டு வாங்குங்கள். இந்த எண் பல்புக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. பல்பின் மேல் பச்சை அல்லது ஆம்பர் நிறத்தில் ரப்பர் தொப்பி இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்விட்ச்சின் நிறம் அதிலிருந்துதான் வருகிறது.

எல்.இ.டி.யில் அறுந்துபோக இழை கிடையாது, சூடும் குறைவு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது நிறம். சிவப்பு என்றால் ஆபத்து, ஆம்பர் என்றால் எச்சரிக்கை, பச்சை என்றால் இயக்கத்தில் உள்ளது, நீலம் என்றால் ஹை பீம். உலகம் முழுக்க இருக்கும் மரபு இது. அழகுக்காக எல்லாவற்றையும் நீலமாக்காதீர்கள். இரண்டாவது கோணம். பல்ப் எல்லாப் பக்கமும் வெளிச்சம் தரும், எல்.இ.டி. நேராக முன்னால் மட்டும் பாய்ச்சும். அதனால் படத்தின் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். எல்.இ.டி.யின் தலையை நைசான உப்புத்தாளால் தேய்த்தால் வெளிச்சம் பரவலாக வரும்.

ரெசிஸ்டர் கணக்கு

கம்ப்யூட்டரில் எல்.இ.டி.யை நேராகச் செருகுகிறோமே என்று கேட்கலாம். அங்கே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் மதர்போர்டிலேயே இருக்கிறது. காரின் பல்ப் ஹோல்டரில் அது கிடையாது. எல்.இ.டி.யை நேராக இணைத்தால் அந்தக் கணமே கருகிவிடும்.

கணக்கு மிகவும் எளிது. காரின் வோல்டேஜில் எல்.இ.டி.க்குத் தேவையான வோல்டேஜைக் கழித்து, மீதியை ஓட வேண்டிய மின்சாரத்தால் வகுக்க வேண்டும். சிவப்பு, ஆம்பர் எல்.இ.டி.க்கு சுமார் 2 வோல்ட். வெள்ளை, நீலத்துக்கு சுமார் 3.2 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.யில் 10 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

14.4 கழித்தல் 3.2 = 11.2 வோல்ட்
11.2 வகுத்தல் 0.010 = 1120 ஓம்

கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 1.2 கிலோ ஓம். அதில் ஓடுவது 9.3 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் சூடாக மாறுவது 0.1 வாட் அளவுதான். எனவே கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகப் போதும். இரவில் கண்ணைக் கூசினால் 2.2 கிலோ ஓம் போடுங்கள். மின்சாரம் 5 மில்லி ஆம்பியராகக் குறையும். இன்றைய பிரகாசமான எல்.இ.டி.களுக்கு அதுவே போதுமானது.

எல்.இ.டி.யின் நீளமான கால்தான் பிளஸ். ரெசிஸ்டரை எந்தக் காலிலும் சேர்க்கலாம். கூடவே ஒரு 1 என் 4007 டயோடைத் தொடராக இணைத்தால், தவறான திசையில் வரும் வோல்டேஜ் எல்.இ.டி.யைப் பாதிக்காது. சால்டரிங் செய்யும்போது காலில் மூன்று விநாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். இணைப்புகளின் மேல் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடுங்கள். இந்தப் பொருட்கள் எல்லாம் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

மேஜையில் சோதனை

காரில் மாட்டும் முன் பழைய கம்ப்யூட்டரின் ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துச் சோதிக்கலாம். பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆகும். மஞ்சள் ஒயர் பிளஸ் 12 வோல்ட், கறுப்பு மைனஸ். மஞ்சளும் கறுப்பும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். இங்கே 12 வோல்ட்தான் கிடைப்பதால், காரில் இதைவிடச் சற்றுப் பிரகாசமாக எரியும்.

டிம்மர் செய்யும் குழப்பம்

ஸ்விட்ச்சின் இரவு வெளிச்சத்துக்கான மைனஸ் நேராகக் காரின் பாடிக்குப் போகிறது என்று நம்பிவிடாதீர்கள். பல ஜப்பானிய கார்களில் அது டிம்மர் வழியாகப் போகிறது. மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்துப் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள். ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் அளந்து, பிளஸ் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய எல்.இ.டி.யின் மைனஸையும் பாடியில் இணைக்காமல், பழைய முனையிலேயே இணையுங்கள்.

பேட்டரி விளக்கில் மட்டும் எல்.இ.டி. வேண்டாம்

ஸ்விட்ச் விளக்குகளை மாற்றிய சந்தோஷத்தில் மீட்டர் கன்சோலையும் திறந்து எல்லா பல்புகளையும் எல்.இ.டி. ஆக்கலாம் என்று தோன்றும். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கிடம் வந்ததும் நிறுத்துங்கள்.

பல பழைய கார்களில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து அந்த பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் சுழலும் காயிலுக்கு முதல் மின்சாரம் போகிறது. அந்த மின்சாரம்தான் காயிலைக் காந்தமாக்கி ஆல்டர்னேட்டரை வேலை செய்ய வைக்கிறது. 2 வாட் பல்ப் என்றால் சுமார் 0.17 ஆம்பியர் போகும். எல்.இ.டி. வழியாகப் போவதோ 0.01 ஆம்பியர்தான். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ள அது போதாமல் போகலாம். கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டு இரவில் போகும்போது நடுவழியில் நின்றுவிடும். அந்த பல்ப் தானாகவே ஃபியூஸ் ஆனாலும் இதே நிலைதான்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வையுங்கள். பேட்டரி விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால், ஸ்விட்ச் விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதைச் சரி செய்யுங்கள். பல்ப்தான் போயிருக்கிறது என்றால் அதே வாட் உள்ள இழை பல்பையே போடுங்கள்.

மாட்டி முடித்ததும்

கனெக்டரைச் செருகி, பேட்டரியை இணைத்து, சட்டத்தை மூடும் முன்பே எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். எல்.இ.டி. எரியவில்லை என்றால் ஹோல்டரை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் லேசாக மினுங்கினால், எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் சேர்ந்த இணைப்புக்குப் பக்க இணைப்பாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். ஃபியூஸ் போய்விட்டால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும், கூடுதல் அளவு கூடாது. திரும்பவும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கும் வரை சட்டத்தை மூடாதீர்கள்.