மூன்றெழுத்து முகவரி

காலை வேளையில் சான்பாடா நிலையத்தின் நடைமேடையில் நிற்கும் பயணி, வண்டியின் நெற்றியில் ஒளிரும் ஓரிரு எழுத்துகளையே முதலில் பார்க்கிறார். பன்வேல், தாணே, மும்பை முனையம் என மூன்று பக்கங்களுக்கும் இங்கிருந்து வண்டிகள் உண்டு. செம்பூருக்குச் செல்ல வேண்டிய ஒருவர் எழுத்தைக் கவனியாது தாணே வண்டியில் ஏறிவிட்டார் எனக் கொள்வோம். அவர் கைதேர்ந்த மருத்துவராகவே இருக்கலாம். ஆயினும் செம்பூரில் காத்திருக்கும் நோயாளிக்கு அவரால் பயனில்லை. உயிருள்ள செல்லுக்குள்ளும் நிலைமை இதுவே.

மும்பையின் பேக்கரிகளில் பாவ் ரொட்டியை உப்பச் செய்யும் ஈஸ்ட், ஒரே செல்லாலான உயிர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 200 ஈஸ்ட் செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். அத்துணைச் சிறிய செல்லுக்குள்ளும் தனித்தனி அறைகள் போல நுண்ணுறுப்புகள் உள்ளன. மரபுச் செய்தியைக் காப்பது உட்கரு. ஆற்றலை ஈட்டித் தருவது மைட்டோகாண்ட்ரியா. கொழுப்பு அமிலங்களைச் சிதைப்பது பெராக்சிசோம். இவற்றில் பணிபுரியும் புரதங்களுள் மிகப் பெரும்பாலானவை வெளியே, செல்லின் நீர்மத்திலுள்ள ரைபோசோம்களில் உருவாகின்றன. பிறந்த இடம் வேறு, பணியிடம் வேறு. அவ்வாறாயின், ஆயிரக்கணக்கான புரதங்களுள் ஒவ்வொன்றும் தனக்குரிய அறையை எவ்வாறு கண்டடைகிறது?

முகவரி புரதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதே விடை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அச்சங்கிலியின் ஒரு சிறு பகுதியே முகவரியாகச் செயல்படுகிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த குந்தர் புளோபெல் இவ்வுண்மையை நிறுவி, 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

முகவரிகள் ஒரே வகையின அல்ல. மைட்டோகாண்ட்ரியாவுக்குரிய முகவரி பெரும்பாலும் சங்கிலியின் தொடக்கத்தில் அமைகிறது. புரதம் உள்ளே நுழைந்தபின் அது வெட்டி நீக்கப்படுகிறது. வாயிலில் பயணச்சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. பெராக்சிசோமின் முகவரியோ சங்கிலியின் கடைசியில் இருக்கிறது, அது நீக்கப்படுவதுமில்லை. இம்முகவரி கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. அதற்கு உதவியது ஒரு மின்மினிப் பூச்சி.

இந்தியாவில் கல்வி கற்று அமெரிக்கா சென்ற சுரேஷ் சுப்பிரமணி, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் மின்மினியின் ஒளிதரும் நொதியான லூசிஃபெரேசை ஆராய்ந்தார். 550 அமினோ அமிலங்கள் கொண்ட அந்நொதியைப் பாலூட்டியின் செல்லில் உருவாக்கியபோது, அது நேரே பெராக்சிசோமுக்குள் சென்று சேர்ந்தது. கடைசி மூன்று அமினோ அமிலங்களை நீக்கியபோதோ வழியறியாது வெளியிலேயே நின்றுவிட்டது. செரின், லைசின், லியூசின் என்னும் அம்மூன்றே முகவரி. பாக்டீரியாவுக்கு உரிய ஒரு புரதத்தின் கடைசியில் அவற்றை ஒட்டியபோது, பெராக்சிசோம் என்பதையே அறியாத அப்புரதமும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஈஸ்ட்டும் இதே முகவரியை வாசிக்கிறது என்பது 1990இல் வெளிவந்த ஆய்வில் தெளிவாயிற்று. மின்மினிக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் கடந்தும் எழுத்து மாறவில்லை! நம் ஊர்களில் தெருவின் பெயர்கூடப் பத்தாண்டு நிலைப்பதில்லை.

முகவரி இருந்தால் போதாது. அதை வாசிப்பவரும் வேண்டும். அவரைத் தேடச் சுப்பிரமணியின் குழு பிக்கியா பாஸ்டோரிஸ் என்னும் ஈஸ்ட்டைத் துணைக்கொண்டது. (1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் குறைந்த விலையில் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி தயாரிக்கக் கையாண்டதும் இதே ஈஸ்ட்தான்.) இது மெத்தனாலை உண்டு வாழ வல்லது, ஆனால் அதற்குப் பெராக்சிசோம் பழுதின்றி இருத்தல் வேண்டும். எனவே, சர்க்கரையில் வளர்ந்து மெத்தனாலில் வளராத ஈஸ்ட்டுகளைப் பொறுக்கியெடுத்தால், பெராக்சிசோம் பழுதுபட்டவை பலவும் அவற்றுள் அகப்படும். பழுதைக் கொண்டே பொறியை அறியும் நெறி இது. இவ்வாறு 1993இல் மூன்றெழுத்தை வாசிக்கும் புரதம் பிடிபட்டது. பெக்ஸ்5 என்பது அதன் இன்றைய பெயர். முகவரி உடைய புரதத்தைப் பற்றி, பெராக்சிசோமின் வாயில்வரை அழைத்துச் சென்று உள்ளே விட்டு, அடுத்ததை அழைத்துவரத் திரும்புகிறது அது.

ரொட்டியும் மதுவும் தரும் சிற்றுயிரின் உட்கூறு மனிதருக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கான விடை மருத்துவமனையில் இருந்தது. செல்வெகர் என்னும் அரிய பிறவி நோயுற்ற குழந்தைகள் தசை தளர்ந்து, கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டுப் பிறக்கின்றன. கடும் நிலையில் பல குழந்தைகள் ஓராண்டைக் கடப்பதில்லை. அவர்களின் செல்களில் பெராக்சிசோமுக்குரிய நொதிகள் உருவாகின்றன. உரிய அறைக்குள் செல்வதில்லை. காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. ஈஸ்ட்டின் மரபணுவை ஒத்த மனித மரபணுவை ஆய்வாளர் தேடிக் கண்டனர். இந்நோய் வகையைச் சேர்ந்த சிலரிடம் அம்மரபணுவே பழுதுபட்டிருந்தது என்பது 1995இல் வெளியாயிற்று. நொதிகள் குறையற்றவை, அவற்றின் முகவரியும் குறையற்றது, வாசிப்பவர் இல்லை. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. எனினும், ஒரு குழந்தையை இழந்த பெற்றோர், அடுத்த குழந்தைக்கும் இந்நோய் உண்டா என்பதைக் கருவிலேயே மரபணுச் சோதனையால் அறிய இயல்கிறது.

சிந்தித்து எழுதுக

1. மைட்டோகாண்ட்ரியாவின் முகவரிக்கும் பெராக்சிசோமின் முகவரிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

2. மெத்தனாலில் வளராத ஈஸ்ட்டுகளை ஆய்வாளர் தேர்ந்தெடுத்தது ஏன்?

3. ‘வாசிப்பவர் இல்லை’ என்னும் தொடர் இப்பாடத்தில் எதனைக் குறிக்கிறது? விளக்குக.